திறமை வேறு, பலம் வேறு: எழுத்து ரோல்ப்ளே சண்டைக்கு எந்த ரேங்க் முறை?

ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு மாறி மாறிப் பதிவு எழுதிக் கதை வளர்க்கும் எழுத்து ரோல்ப்ளே குழு ஒன்று கலைந்துபோனால், தோண்டிப் பார்க்கும்போது பெரும்பாலும் ஒரு சண்டைக் காட்சியில்தான் போய் நிற்கும். காதல் காட்சிக்கோ அரசவைச் சூழ்ச்சிக்கோ யாரும் கோபித்துக்கொண்டு போவதில்லை. சந்தையில் இரண்டு கேரக்டர்கள் மோதிக்கொண்டதும், "என் ஆள் எப்படி இவனிடம் தோற்பான்?" என்ற கேள்வி வரும். அதற்குக் குழுவிடம் முன்கூட்டியே பதில் இல்லையென்றால் வம்பு அங்கேயே ஆரம்பித்துவிடும்.

புதிதாகக் குழு தொடங்குகிறவர்கள் பலர் இந்தக் கேள்வியை ஒரு ரேங்க் பட்டியலால் அடைத்துவிடப் பார்க்கிறார்கள். எஸ், ஏ, பி, சி என்று நாலு எழுத்து போட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது முடிகிற விஷயம் இல்லை. கைவசம் இருக்கும் முறைகள் பல. ஒவ்வொன்றும் ஒரு வகைக் குழுவுக்குப் பொருந்தும், இன்னொன்றுக்கு விஷமாகும். எல்லாவற்றையும் ஒரே சண்டையை வைத்து உரசிப் பார்ப்போம்.

சண்டை இதுதான். ஒரு பக்கம் வேலம்மை. அறுபது வயது, வாள் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை, சாதாரண மனுஷி. எதிரே கருங்கோடன். பத்தடி உயர அரக்கப் பையன், எருமையைத் தூக்கி எறிவான், ஆனால் ஒருநாளும் சண்டை பழகியதில்லை. யார் ஜெயிப்பார்கள்? இந்த ஜோடியைச் சரியாகக் கையாள முடியாத முறை எதுவாக இருந்தாலும், உங்கள் குழுவில் அது நெடுநாள் தாங்காது.

ரேங்க்கே வேண்டாம் என்றால்?

பழைய வழி இதுதான். ரேங்க் கிடையாது, பகடை கிடையாது, நாகரிகம் மட்டும் உண்டு. அடிப்படை விதி ஒன்றே: நீங்கள் முயற்சியை மட்டும் எழுதலாம், விளைவை எதிராளி எழுதுவார். "வாள் அவன் தோளைப் பிளந்தது" என்று எழுதினால் அது ஆட்டோ-ஹிட். "அவன் தோளைக் குறிவைத்து வாளை இறக்கினாள்" என்று எழுதி நிறுத்த வேண்டும். விலகினானா, வாங்கிக்கொண்டானா என்பதைக் கருங்கோடனை எழுதுகிறவர் சொல்வார். எதையும் தாங்கும், எதிலும் தோற்காத கேரக்டரைக் கொண்டுவருவது காட்மாடிங். உங்களுக்குத் தெரிந்த ரகசியத்தை உங்கள் கேரக்டருக்கும் தெரிந்ததுபோல் எழுதுவது மெட்டாகேமிங். எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த மூன்றுக்கும் தடை அடியில் இருந்தே தீர வேண்டும்.

இரண்டு பேருக்குள் நம்பிக்கை இருந்தால் இதைவிட அழகான சண்டை வேறு எதிலும் வராது. தோற்பதை ரசித்து எழுதத் தெரிந்தவர்கள் கையில் இது தங்கம். ஆனால் இதற்குள் ஒரு கோணல் உண்டு. விட்டுக்கொடுக்கிறவர் தொடர்ந்து அடி வாங்குவார், விட்டுக்கொடுக்காதவர் தொடர்ந்து விலகுவார். வேலம்மையின் பத்து வெட்டையும் கருங்கோடன் "சட்டென்று விலகினான்" என்று எழுதிவிட்டால் கேட்க ஆளில்லை. பழக்கமில்லாத பையன் எப்படி விலகினான் என்று கேட்க, எழுதிவைத்த ஆதாரம் எதுவும் இல்லை. நாலைந்து நெருங்கிய நண்பர்கள் என்றால் இதிலேயே இருங்கள். புதியவர்கள் வந்து போகும் குழுவுக்கு இது மட்டும் போதாது.

எழுத்து ரேங்க்: பீஷ்மர் காலத்துத் தகராறு

குழுவை நடத்தும் மாடரேட்டர்கள் ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒரு எழுத்து தருவது இரண்டாவது முறை. அனிமே பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும், நடத்துகிறவர்களுக்கும் வேலை குறைவு. அதனால்தான் எங்கும் பரவியிருக்கிறது.

இதில் வரும் சிக்கல் நமக்குப் புதிதே இல்லை. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் போருக்கு முன் துரியோதனன் கேட்க, பீஷ்மர் இரண்டு பக்கத்து வீரர்களையும் தரம் பிரித்துச் சொல்கிறார்: இவன் ரதன், இவன் அதிரதன் என்று. அசுவத்தாமனிடம் வந்ததும் தடுமாறுகிறார். அவன் வில்வித்தையில் குறை சொல்ல எதுவும் இல்லை, ஆனால் உயிர்மேல் ஆசை அதிகம், அதனால் அவனை எந்தத் தரத்திலும் வைக்க முடியவில்லை என்கிறார். கர்ணனிடம் வரும்போது இன்னும் மோசம். பாதி ரதன்தான் என்று சொல்லிவிடுகிறார். கவச குண்டலத்தை இழந்துவிட்டான், பரசுராமரின் சாபம் வேறு இருக்கிறது, எச்சரிக்கை போதாது என்பவை அவர் சொல்லும் காரணங்கள்.

கவனித்துப் பாருங்கள். கவசம் என்பது உபகரணம். சாபம் என்பது கதை நிபந்தனை. எச்சரிக்கை என்பது குணம். இவற்றோடு வில் திறமையையும் சேர்த்து ஒரே சொல்லில் அடைத்தால், எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெரிய வில்லாளி "பாதி" ஆகிவிடுகிறான். விளைவும் தெரிந்ததே. பீஷ்மர் விழும்வரை ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று கர்ணன் ஒதுங்கிவிட்டான். முதல் பத்து நாள் போர் அவன் இல்லாமலே நடந்தது. ஒரு மாடரேட்டரின் தீர்ப்பு பிடிக்காமல் நல்ல எழுத்தாளர் ஒருவர் ஒதுங்கிவிடுவதும் அப்படியே இதுதான்.

வேலம்மைக்கு என்ன எழுத்து தருவீர்கள்? வாள் வித்தைக்கு ஏ, உடம்புக்கு சி, சராசரி பி என்றால், கருங்கோடனுக்கும் அதே கணக்கில் பி. இரண்டு பி-க்கள் மோதுகின்றன. இதிலிருந்து சண்டை எப்படிப் போகும் என்று எதையாவது ஊகிக்க முடிகிறதா? ஒன்றுமே முடியவில்லை.

இன்னொரு கோளாறும் உண்டு. ஏ என்பது பி-யைவிட மேல் என்று எழுத்து சொல்கிறது, எவ்வளவு மேல் என்று சொல்வதில்லை. ஒரு ஏ-யை இரண்டு பி சேர்ந்தால் சாய்க்கலாமா? மூன்று பேர் வேண்டுமா? ஜப்பானிய கோ ஆட்டத்தில் இதை வெகு அழகாகத் தீர்த்திருக்கிறார்கள். அமெச்சூர் ஆட்டக்காரர்களுக்குள் ஒரு ரேங்க் வித்தியாசம் என்றால் ஏறத்தாழ ஒரு கல் சலுகை. மூன்று ரேங்க் கீழே இருப்பவர் மூன்று கல்லைப் பலகையில் முன்கூட்டியே வைத்துக்கொண்டு ஆடினால், ஆட்டம் கிட்டத்தட்டச் சமம் ஆகிவிடும். அங்கே ரேங்க் என்பதன் பொருளே அந்த இடைவெளிதான். உங்கள் குழுவில் எந்தப் பெயர் வைத்தாலும், "ஒரு படி வித்தியாசம் இருந்தால் என்ன நடக்கும்?" என்ற கேள்விக்கு ஒரு வரி பதில் எழுதிவையுங்கள். அது இல்லாத ரேங்க் வெறும் பட்டம்.

எண்களும் புள்ளிகளும்

எழுத்துக்குப் பதில் எண் போட்டால் துல்லியம் வரும் என்று நினைக்கத் தோன்றும். ஒற்றை எண் என்றால் கட்டாயம் வீங்கும். டிராகன் பால் என்ற ஜப்பானியக் காமிக்ஸ் கதையில் சண்டை பலத்தை அளக்கும் கருவி முதலில் வரும்போது ஒரு விவசாயியின் அளவு 5. வில்லன் ஃபிரீசா வரும்போது அது 5,30,000. அதன் பிறகு எண்கள் கதையிலிருந்து கிட்டத்தட்ட மறைந்தே போயின. எழுதியவர் ஒருவராக இருந்தும் அதுதான் கதி. இருபது பேர் எழுதும் குழுவில் ஒவ்வொருவரும் தன் ஆளை ஏற்றப் பார்க்கும்போது சொல்லவே வேண்டாம்.

புள்ளிகளைப் பங்கிடும் முறை கொஞ்சம் பரவாயில்லை. எல்லாருக்கும் 30 புள்ளி. வலிமை, வேகம், வாள், மந்திரம், மனஉறுதி என்று பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது. இதில் வேலம்மையும் கருங்கோடனும் தாளில் வேறு வேறாகத் தெரிவார்கள், அது முன்னேற்றம். ஆனால் கணக்குத் தெரிந்தவர் எதற்குப் புள்ளி போட்டால் லாபம் என்று ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார். மனஉறுதி பூஜ்யமாக, வேகம் உச்சத்தில் இருக்கும் கேரக்டர்கள் வரிசையாக வருவார்கள். எழுதுவதைவிடக் கூட்டிக் கழிப்பதில் சுகம் காண்கிற குழு என்றால் இது சரி. கதைக்காக வந்தவர்களுக்குச் சலித்துவிடும்.

பகடை: எந்தப் பகடை என்பதுதான் கேள்வி

பகடை வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போடுகிறார்கள். அதைவிட முக்கியமானது எந்தப் பகடை என்பது. ஏனென்றால் பகடையின் வடிவமே உங்கள் உலகத்தில் திறமைக்கு எவ்வளவு மதிப்பு என்று தீர்மானித்துவிடுகிறது.

1974-ல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்ப்ளே ஆட்டம் லெவல் என்ற எண்ணத்தையே நமக்குத் தந்தது. அதன் இருபது முகப் பகடையை எடுத்துக்கொள்வோம். 1 முதல் 20 வரை எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் பயிற்சிக்கான கூட்டல் முதல் லெவலில் +2, 17-ம் லெவலில் +6. மற்ற எல்லாம் சமமாக இருந்து, அந்தப் பயிற்சி மட்டும் வித்தியாசம் என்று வைத்து இரண்டு பேரும் எதிரெதிரே உருட்டினால், கற்றுக்குட்டி நூற்றுக்கு 30 முறை உலகப் புகழ்பெற்ற வீரனை முந்திவிடுவான். அந்த ஆட்டத்தில் அதற்கு நியாயம் உண்டு. அங்கே ஒரு சண்டையில் உருட்டல்கள் நிறைய, உயிர்ப்புள்ளி நிறைய, ஒரு உருட்டலில் முந்தினால் சண்டை முடிந்துவிடாது. எழுத்து ரோல்ப்ளேயில் நிலைமை வேறு. ஒரு பதிவுக்கு ஒரு உருட்டல், ஒரு சண்டைக்கு ஐந்தாறு பதிவு. நாற்பது வருடம் வாள் பிடித்த வேலம்மை மூன்றில் ஒரு தடவை திணறினால், அவளை எழுதுகிறவருக்கு அந்தக் கேரக்டர் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

ஃபட்ஜ் பகடை வேறு மாதிரி. 1992-ல் ஸ்டெஃபன் ஓசல்லிவன் இணையத்தில் பலரோடு விவாதித்து உருவாக்கிய ஆட்டம் அது. நான்கு பகடை, ஒவ்வொன்றிலும் இரண்டு முகம் கூட்டல், இரண்டு முகம் கழித்தல், இரண்டு முகம் வெறுமை. விடை -4 முதல் +4 வரை வரும், ஆனால் நடுவில்தான் குவியும். இரு கோடிகளில் ஒவ்வொன்றும் 81-ல் ஒரு முறைதான். அதனால் திறமையில் ஒரு படி மேலே இருப்பவர் எதிர் உருட்டலில் சுமார் 58 சதவீதம் ஜெயிப்பார், 15 சதவீதம் சமன், மீதி தோல்வி. இரண்டு படி என்றால் வெற்றி 74, மூன்று படி என்றால் 86. மூன்று படி கீழே இருப்பவர் முந்துவது நூற்றுக்கு ஆறு தடவைதான். இருபது முகப் பகடையில் அதே மூன்று வித்தியாசத்துக்குக் கீழே இருப்பவர் 34 தடவை முந்துவார். ஆறுக்கும் முப்பத்துநாலுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

தனியாகப் பகடை வாங்கத் தேவையில்லை. சாதாரண ஆறு முகப் பகடையில் 1, 2 வந்தால் கழித்தல், 3, 4 வந்தால் வெறுமை, 5, 6 வந்தால் கூட்டல் என்று வைத்துக்கொண்டால் அதே கணக்கு வரும். உருட்டலை எல்லாரும் பார்க்கிற மாதிரி, தானே பகடை உருட்டிக் காட்டும் டைஸ் பாட் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அது முக்கியம்.

ஜெயித்தவருக்கு ஏற்றம்

செஸ்ஸில் உள்ளதுபோல் வெற்றி தோல்வியை வைத்து ரேட்டிங் ஏற்றி இறக்கலாமே என்று ஒரு யோசனை எப்போதும் வரும். இயற்பியல் பேராசிரியர் ஆர்பாட் ஈலோ வகுத்த அந்த முறையை உலகச் செஸ் கூட்டமைப்பு 1970-ல் ஏற்றுக்கொண்டது. 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் மேலே உள்ளவர் சராசரியாக 76 சதவீதப் புள்ளி எடுப்பார், 400 என்றால் 91. இடைவெளிக்குத் தெளிவான பொருள் இருக்கிறது, அந்த வகையில் அருமையான முறை.

நமக்கு இது ஒத்துவராது. அந்தக் கூட்டமைப்பில் புதிய ஆட்டக்காரரின் ரேட்டிங் நிலைபெற 30 ஆட்டம் ஆகும் என்று வைத்து, அதுவரை வேகமாக ஏற்றி இறக்குகிறார்கள். எழுத்தில் ஒரு துவந்த யுத்தம் முடியவே வாரக்கணக்கில் ஆகும். 30 சண்டைக்கு எங்கே போவது? அதைவிட அடிப்படையான சிக்கல், இது கேரக்டரை அளக்கவில்லை, எழுதுகிறவரை அளக்கிறது. நன்றாக வாதாடத் தெரிந்தவரின் சமையல்காரன், கூச்ச சுபாவம் உள்ளவரின் டிராகனை மிஞ்சிவிடுவான். போட்டிக்கென்றே இருக்கும் அரங்கத்தில் வைத்துக்கொள்ளலாம், கதையோடு கலக்காதீர்கள்.

பகடையே இல்லாமல் முதலிடம்

எரிக் வூஜிக் 1991-ல் வெளியிட்ட ஆம்பர் என்ற ரோல்ப்ளே ஆட்டத்தைப் பற்றி நம் குழுக்களில் யாரும் பேசுவதில்லை, அது எனக்கு வருத்தம். பகடை கிடையாது. மனோபலம், வலிமை, தாங்குசக்தி, போர்த்திறன் என்று நான்கே குணங்கள். ஆளுக்கு 100 புள்ளி, நான்குக்கும் தனித்தனியே ஏலம். அதிகம் கேட்டவர் முதலிடம், அடுத்தவர் இரண்டாமிடம். கேட்ட தொகையைத் திரும்பப் பெற முடியாது. அதன் பிறகு போர்த்திறனில் முதலிடத்தில் இருப்பவர் வாள் சண்டையில் இரண்டாமவரிடம் நேருக்கு நேர் தோற்பதே இல்லை.

இது கொடுமையாகத் தெரியலாம். ஆனால் சண்டை எங்கே நகர்கிறது பாருங்கள். வாளில் தோற்பது உறுதி என்று தெரிந்தவர் வாள் சண்டையைத் தொடர மாட்டார். கட்டிப்பிடித்து வலிமைச் சண்டையாக மாற்றுவார், ஓடவிட்டு மூச்சு வாங்கவைத்துத் தாங்குசக்திச் சண்டையாக மாற்றுவார். எந்தக் களத்தில் மோதுவது என்பதே சண்டையாகிவிடுகிறது. எழுத்துக்கு இதைவிடத் தோதான வடிவம் கிடையாது. கருங்கோடன் வேலம்மையின் கையைப் பிடித்துவிட்டால் அவள் கதை முடிந்தது, அதனால் அவள் ஐந்தடி தள்ளியே நிற்கிறாள். அந்த ஐந்தடிக்காக இருவரும் நான்கு பதிவு எழுதலாம்.

குறை என்னவென்றால், ஏலத்துக்கு எல்லாரும் ஒரே நாளில் கூட வேண்டும். பிறகு சேருகிறவருக்கு முதலிடம் எட்டாக்கனி. ஆறு பேர் கொண்ட மூடிய குழு, ஒரே கதை என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுங்கள். கதவு திறந்திருக்கும் குழுவுக்குச் சரிப்படாது.

என் தேர்வு: இரண்டு அளவுகோல்

திறமையையும் பலத்தையும் பிரித்துவிடுங்கள். இரண்டுக்கும் தனித்தனி அளவுகோல், இரண்டையும் ஒருபோதும் கூட்டக் கூடாது. குத்துச்சண்டையில் உடல் எடைக்கு ஒரு வகுப்பும், ஆடி ஜெயித்த வரலாற்றுக்கு ஒரு தரவரிசையும் தனித்தனியாக இருப்பது சும்மா இல்லை.

இதற்கான வித்து ஃபட்ஜ் ஆட்டத்திலேயே இருக்கிறது. அங்கே திறமைக்குச் சொற்களால் ஆன ஏணி ஒன்று, உடல் வலிமைக்கு வேறொரு அளவு. வலிமையில் ஒரு படி ஏறினால் ஒன்றரை மடங்கு. இரண்டு படி ஏறினால் இரண்டேகால் மடங்கு, நான்கு படிக்குச் சுமார் ஐந்து மடங்கு. முக்கியமான விஷயம், அந்த வலிமை அடி படுமா என்பதைத் தீர்மானிப்பதில்லை. பட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. படுமா என்ற கேள்விக்குத் திறமை பதில் சொல்லும், பட்டால் என்ன என்ற கேள்விக்குப் பலம் பதில் சொல்லும். குழுக்களில் நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பகுதி இந்த இரண்டு கேள்வியையும் ஒன்றாகக் குழப்புவதால் வருவதுதான்.

திறமைக்கு நான் பரிந்துரைக்கும் ஏணி ஐந்து படி: கற்றுக்குட்டி, பழகியவர், தேர்ந்தவர், ஆசான், பேராசான். ஐந்துக்கு மேல் வேண்டாம், யாருக்கும் நினைவிருக்காது. வாள், வில், மந்திரம் என்று ஒவ்வொரு வித்தைக்கும் தனியாகப் படி சொல்லலாம். இடைவெளிக்கு எழுத்தில் ஒப்பந்தம் இப்படி: சமம் என்றால் இருவருக்கும் அடி படும், உத்தி நன்றாக இருப்பவர் ஜெயிப்பார். ஒரு படி மேலே என்றால் கை ஓங்கும், ஆனால் காயமில்லாமல் வெளியே வர முடியாது. இரண்டு படி என்றால் கீழே இருப்பவரின் நேரடித் தாக்குதல் படாது. இடமோ ஆயுதமோ கூட்டாளியோ ஏதாவது ஒன்று நிலைமையை மாற்ற வேண்டும். மூன்று படி என்றால் மேலே இருப்பவர் விரும்பும் நேரத்தில் சண்டையை முடிக்கலாம்.

பலத்துக்குச் சாதாரண மனிதர் பூஜ்யம், ஒவ்வொரு படியும் ஒன்றரை மடங்கு. ஒரு படி வித்தியாசத்தில் பட்ட அடி வலிக்கும், இரண்டு படியில் எலும்பு முறியும், நான்கு படியில் ஒரே அடியில் சண்டை முடியும். எதிர்த்திசையிலும் இது வேலை செய்ய வேண்டும்: நான்கு படி பெரியவன்மேல் சாதாரண வெட்டு சிராய்ப்புதான், கண்ணோ குதிகால் நரம்போ தேடிப் போக வேண்டும்.

இப்போது வேலம்மையைக் கொண்டுவாருங்கள். வாளில் ஆசான், பலம் 0. கருங்கோடன் எல்லா ஆயுதத்திலும் கற்றுக்குட்டி, பலம் 4. திறமையில் மூன்று படி வித்தியாசம், ஆகவே அவன் ஓங்கிய கை ஒன்றும் அவள்மேல் படாது. பலத்தில் நான்கு படி வித்தியாசம், ஆகவே ஒன்று பட்டாலும் அவள் எழுந்திருக்க மாட்டாள். அவள் விரும்பும் நேரத்தில் முடிக்கலாம் என்பது ஒப்பந்தம், ஆனால் முடிப்பதற்கு அவள் கண்ணை எட்ட வேண்டும், அது பத்தடி உயரத்தில் இருக்கிறது. அவள் முதல் பதிவில் அவன் முட்டிக்குப் பின்னால் ஒரு வெட்டு, இரண்டாவதில் இன்னொன்று. தோல்தான் கிழிந்தது. கருங்கோடனை எழுதுகிறவருக்கு இப்போது ஒன்று புரிகிறது, குறிபார்த்து அடிப்பதில் பயனில்லை. "பக்கத்தில் நின்ற பாரவண்டியின் அச்சைப் பிடுங்கி, அவள் நின்ற இடம், அவள் விலகக்கூடிய இடம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வீச்சில் துடைத்தான்" என்று எழுதுகிறார். இது சரியான எழுத்து. குறிபார்த்த அடி இல்லை, இடத்தையே அடைக்கும் அடி. ஒப்பந்தத்தில் இதற்கென்று ஒரு வரி இருக்கட்டும்: விலக இடமே விடாத தாக்குதலுக்குத் திறமை வித்தியாசம் பாதிதான் செல்லும். மூன்று படி ஒன்றரை ஆகிறது. வேலம்மை குனிந்து அச்சில்லாத வண்டிக்கு அடியில் உருண்டு தப்பிக்கிறாள், ஆனால் வாள் வெளியே விழுந்துவிட்டது. அடுத்த பதிவை எழுத இருவருக்குமே கை பரபரக்கும். யாரும் மாடரேட்டரைக் கூப்பிடவில்லை.

பகடை வேண்டும் என்கிற குழு இதையே அப்படியே எடுத்துக்கொள்ளலாம். திறமைப் படியோடு ஃபட்ஜ் உருட்டலைக் கூட்டி யாருக்குப் பட்டது என்று பாருங்கள், பட்ட பிறகுதான் பலத்தின் வித்தியாசத்தைப் பாருங்கள். புதியவர்கள் அதிகம் வரும் குழுவில் பகடையோடு தொடங்குவதே நல்லது. பகடைமேல் கோபித்துக்கொண்டு யாரும் வெளியேற மாட்டார்கள்.

வேகம், மனவசியம், அப்புறம் உச்சிப் படி

எந்த முறையிலும் அதிகத் தகராறு வேகத்தில்தான். அதையும் உடைத்துவிடுங்கள். எதிராளி அசையும் முன் படித்துவிடுவது திறமை. ஒரு நொடியில் எத்தனை அடி தூரம் கடப்பான் என்பது பலம். "ஒளி வேகத்தில் நகர்வான்" என்று கேரக்டர் தாளில் எழுதி வருகிறவரிடம், பலத்தில் எந்தப் படி என்று மட்டும் கேளுங்கள். படிக்கு மேல் எதுவும் செல்லாது.

மனவசியம், நேரத்தை நிறுத்துவது, தொட்டால் சாவு போன்றவை எந்த ஏணியிலும் உட்காராது. அவை எதிராளியின் பேனாவைப் பிடுங்கும் சக்திகள். அவற்றை எதிராளி முன்கூட்டிச் சம்மதித்தால் மட்டும் அனுமதியுங்கள். இதில் நான் எந்தச் சமரசத்துக்கும் தயாரில்லை.

பேராசான் படிக்கு எண்ணிக்கை வரம்பு வேண்டும். ஒரு வித்தைக்கு ஒரு பேராசான், அதிகம் போனால் இரண்டு. இடம் காலியானால்தான் அடுத்தவர். மாடரேட்டர்களின் கேரக்டர்களுக்கு அந்தப் படி கிடையாது என்று முதல் நாளே எழுதிவையுங்கள். நடுவராக இருப்பவரே உச்சியில் இருக்கும் குழுவில் எந்தத் தீர்ப்பும் எடுபடாது.

வளர்ச்சி விஷயத்தில் இரண்டையும் வேறு வேறாக நடத்துங்கள். திறமை மெதுவாக ஏறலாம்: ஒரு கதைக்கட்டத்தில் தோற்று, பயிற்சி எடுத்து, அதையும் எழுதிக் காட்டினால் ஒரு படி. சண்டையில் ஜெயித்ததற்காக ஏற்றாதீர்கள், தோற்பவர்கள் கிடைக்க மாட்டார்கள். பலம் பயிற்சியால் ஏறக் கூடாது. வரமோ சாபமோ ஆயுதமோ கதையில் நடந்தால் ஏறட்டும், அது பறிபோகவும் வாய்ப்பு இருக்கட்டும்.

ஏற்கெனவே எழுத்து ரேங்க் வைத்து ஓடிக்கொண்டிருக்கும் குழு என்றால், பழைய பட்டியலை ஒரே ராத்திரியில் அழிக்க வேண்டாம். ஒவ்வொருவரும் தன் கேரக்டரின் எழுத்தைத் திறமை, பலம் என்று தானே இரண்டாகப் பிரித்து எழுதட்டும். அந்தத் தாளை மாடரேட்டர் பார்க்கும் முன், அந்தக் கேரக்டரோடு கடைசியாகச் சண்டை போட்டவர் பார்த்து ஒப்புதல் தரட்டும். அடி வாங்கியவருக்குத்தான் எதிராளியின் அளவு சரியாகத் தெரியும். ஒப்புதல் வராத தாள்களை மட்டும் மூன்று பேர் கொண்ட நடுவர் குழு எடுத்துக்கொண்டால் போதும். அதோடு, கதையில் கணக்கில் வராத பயிற்சிச் சண்டைகளை எல்லாரும் ஒரு முறையாவது நடத்திப் பார்த்து, இடைவெளி ஒப்பந்தத்தின் வரிகளில் எது இடிக்கிறது என்று சொல்லட்டும். திருத்த வேண்டிய வரிகளைத் திருத்திவிட்டு, அதன் பிறகு பட்டியலைப் பூட்டுங்கள்.